கிரயமும் குத்தகையும்

திண்டிவனத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் எழுத்தறியாத உழவரும் நன்கறிந்த வேற்றுமை ஒன்றுண்டு. அது கிரயத்திற்கும் குத்தகைக்கும் உள்ள வேற்றுமையாம். கிரயம் பெற்ற நிலம் பிள்ளைகளுக்குச் சேரும். குத்தகைக்கு எடுத்த நிலமோ, தவணை கழிந்ததும் உடையவனிடம் திரும்பும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு நாள்தோறும் இரயிலிற் செல்வோரும் இதனை அறிவர். சீசன் டிக்கெட்டு வாங்கியவர் எவரும் வண்டியே தமக்கு உரியதாயிற்று என்று எண்ணுவதில்லை. இரயில்வேயாரும் அவ்வாறு சொல்லி அதனை விற்பதில்லை. இத்துணைத் தெளிவான வேற்றுமை, இக்கால இளைஞர் பெரிதும் விரும்பும் வீடியோ விளையாட்டுக்களில் மட்டும் மங்கி மறைந்து வருகின்றது. அதனைக் குறித்துச் சில கூற விழைகின்றேன்.

நம் முன்னோர் ஆடிய பல்லாங்குழியும் தாயமும் ஆடுவோரின் கைப்பொருளாகவே இருந்தன. பாட்டியின் பலகை பேர்த்திக்கு வந்தது. சோழியோ புளியங்கொட்டையோ இருந்தால் ஆட்டம் நடந்தது. பலகை செய்த தச்சனிடம் உத்தரவு கேட்பார் இல்லை. வீடியோ விளையாட்டுக்களும் முன்பு தகட்டில் அடங்கி, அவ்வாறே கைமாறின. இப்பொழுதோ அவை பெரும்பாலும் இணையத்தின் மூலம் இரு வழிகளில் நம்மை அடைகின்றன. ஒன்று சந்தா. 2017ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் தொடங்கிய கேம் பாஸ் போன்றவற்றில் மாதந்தோறும் பணம் கட்டினால், அவர்கள் தொகுத்து வைத்துள்ள விளையாட்டுக்கள் பலவற்றை ஆடலாம்; பணம் நின்றால் ஆட்டமும் நிற்கும். மற்றொன்று விலை. 2003ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில், ஒரு விளையாட்டிற்குரிய முழு விலையையும் ஒருமுறை செலுத்திப் பெறுதல் அது.

சந்தா முறையை நான் பழிக்க வரவில்லை. புதிதாய் வெளிவரும் பெரிய விளையாட்டு ஒன்றின் விலை நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் வரையிற் செல்கின்றது. கரும்பும் மணிலாவும் பயிரிட்டு வாழும் குடும்பத்து மாணவன் அத்தொகைக்கு எங்கே போவான்? சில நூறு ரூபாயில் ஒரு மாதம் பல விளையாட்டுக்களை ஆடிப்பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அவனுக்குப் பெரிதே. வாடகை நூல் நிலையத்தில் நூலெடுத்துப் படித்தவன் ஏமாற்றப்பட்டவன் ஆகான். குத்தகை என்று சொல்லிக் குத்தகைக்கு விடுதல் நேர்மையான வாணிகமேயாம்.

குற்றம் இரண்டாவது வழியிலேயே உள்ளது. அங்கே பொத்தானில் 'வாங்குக' என்று எழுதியிருக்கும். ஒப்பந்தத்திலோ, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று எழுதியிருக்கும். கிரயத்தின் விலையைப் பெற்றுக்கொண்டு குத்தகைச் சீட்டை நீட்டுவது இது. யூபிசாஃப்ட் நிறுவனத்தார் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட தி குரூ என்னும் கார்ப் பந்தய விளையாட்டை, 2024 மார்ச்சு 31ஆம் நாள் தம் சர்வர்களை நிறுத்தி முடித்துவிட்டனர். தனியாக ஆடும் பகுதிக்கும் அச்சர்வர்களே வேண்டியிருந்தமையால், தகடாக வாங்கிப் பேழையில் வைத்திருந்தவர்க்கும் அது பயனற்றதாயிற்று. நம் நாட்டிலும் 2020 செப்டம்பரில் 118 செயலிகளுள் ஒன்றாகப் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டு, அக்டோபர் 30ஆம் நாளோடு இந்தியர்க்கு அது அறவே நின்றது. அத்தடை தக்கதோ தகாததோ என்பது ஈண்டு வினாவன்று. அவ்விளையாட்டினுள் காசு கொடுத்துப் பெற்ற உடையும் அணியும் பெற்றவர் கையில் ஒருநாளும் இருந்ததில்லை என்பது அன்று வெளிப்பட்டது.

"விளையாட்டுத்தானே! போனால் போகட்டும்" என்பார் உளர். அவர்க்குத் தமிழ் பயில்வார் சொல்லத்தக்க விடை ஒன்றுண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியது எவ்வாறு இயன்றது? பற்பல ஊர்களில், வீடுகளிலும் மடங்களிலும் ஏடுகள் தனித்தனியே இருந்தமையால் அன்றோ? ஓரிடத்து ஏடு செல்லரித்தாலும் வேறோரிடத்து ஏடு எஞ்சியது. அவ்வேடுகள் அனைத்தும் ஒரே செல்வரின் பெட்டகத்தில் இருந்து, அவர் கதவடைத்த நாளில் எங்கும் மறைந்திருக்குமாயின், நாம் எதனைப் பயின்றுகொண்டிருப்போம்? விளையாட்டிலும் கதையுண்டு, இசையுண்டு, ஓவியமுண்டு. பலர் பல்லாண்டு உழைத்த உழைப்புண்டு. அவற்றுள் எது நிலைக்கத்தக்கது என்று தெரிந்தெடுக்கும் உரிமை பின்வருவோர்க்கு உரியது; இன்று கணக்கு முடிப்பவர்க்கு மட்டும் உரியதன்று.

"ஆடுவார் சிலராய்க் குறைந்த பின்னரும் என்றென்றும் சர்வரை நடத்த வேண்டுமோ?" என்று நிறுவனத்தார் கேட்பர். வேண்டா. நிறுத்தும் நாளில், வாங்கியவர் தம் கணினியிலேயே ஆடத்தக்க வடிவில் விட்டுச் செல்லுதல் போதும். ஐரோப்பிய நாடுகளில் இதனையே வேண்டிய விண்ணப்பம் ஒன்றிற் கையொப்பமிட்டோர் தொகை 2025 சூலையில் 10 இலட்சத்தைக் கடந்தது. கலிபோர்னியாவில், தருவது உரிமமே என்று வெளிப்படச் சொல்லாமல் 'வாங்குக' என்னும் சொல்லை இணையக் கடைகள் ஆளலாகாது என்னும் சட்டம் 2025 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மயக்கும் விளம்பரங்களைக் கண்டிக்கின்றது. அக்கண்டிப்பு இப்பொத்தானையும் எட்ட வேண்டும் என்று கேட்பது மிகையன்று.

சட்டம் வருமளவும் மாணவராகிய நாம் செய்யத்தக்கது யாது? பலவற்றை ஆடிப்பார்க்கச் சந்தா கட்டுவோம். அது குத்தகை என்பதை மறவாதிருப்போம். மனத்திற்கு மிக உகந்த ஒன்றிரண்டைப் பிறர் திறவுகோல் வேண்டாத வடிவில் வாங்கிச் சேமிப்போம். 2008ஆம் ஆண்டு முதல் ஜி.ஓ.ஜி. என்னும் கடையார், இறக்கி நம்மிடமே வைத்துக்கொள்ளத்தக்க கோப்புகளாக விளையாட்டுக்களைத் தருகின்றனர். ஆதலின் இது இயலாத செயலன்று. நிலம் வாங்குமுன் நம் உழவர் பத்திரத்தைப் பிறர் வாயிலாகவேனும் படித்துக் கேட்டு அறிகின்றனர். கல்லூரியிற் பயிலும் நாம் ஐயாயிரம் ரூபாய் கொடுக்குமுன் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்தல் ஆகாதோ?