எந்த மோடில் எடுத்த மைலேஜ்?

கார்களின் எரிபொருள் சோதனையை எம்ஐடிசி சுழற்சியிலிருந்து டபிள்யூஎல்டிபி என்ற உலகளாவிய சோதனை முறைக்கு 2027 ஏப்ரல் 1 முதல் மாற்றும் வரைவு அறிவிக்கையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025-இல் வெளியிட்டது. சான்றிதழில் அச்சாகும் மைலேஜ் எண் குறையும் என்பதே இதைப் பற்றி அதிகம் பேசப்படும் செய்தி. பணிமனைகளுக்கு அதைவிட முக்கியமான இரண்டு மாற்றங்கள் இதனுள் இருக்கின்றன. சோதனையில் கியர் எப்போது மாறுகிறது என்பது ஒன்று. கியர்பாக்ஸ் எந்த மோடில் வைக்கப்படுகிறது என்பது மற்றொன்று.

எம்ஐடிசி, ஐரோப்பாவின் பழைய என்இடிசி சுழற்சியின் இந்திய வடிவம். மொத்தம் 1,180 வினாடி. உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரிலிருந்து 90-ஆகக் குறைக்கப்பட்டது. நகர்ப் பகுதியில் நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டரைத் தொட வண்டிக்கு 26 வினாடி கொடுக்கப்படுகிறது. அவ்வளவு மெதுவாகக் கிளம்பும் ஓட்டுநரை எந்த நகரத்துச் சாலையிலும் காண்பது அரிது. மேனுவல் கியர் என்றால் 15 கிலோமீட்டரில் இரண்டாவது, 35-இல் மூன்றாவது என்று எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கு. கீழ் ஆர்பிஎம்மிலேயே முறுக்குவிசை தரும் டீசலும், சுற்றினால்தான் இழுக்கும் சிறிய பெட்ரோல் இன்ஜினும் ஒரே வேகத்தில் கியர் மாற்றியாக வேண்டும். வண்டியின் தன்மையும் ஓட்டும் முறையும் இந்தச் சோதனைக்குள் நுழையவே இல்லை.

டபிள்யூஎல்டிபியின் முழுச் சுழற்சி நான்கு கட்டங்களாக 1,800 வினாடி ஓடுகிறது. தூரம் 23 கிலோமீட்டருக்குச் சற்று மேல், உச்ச வேகம் 131. நான்காவதான மிகை வேகக் கட்டத்தை விட்டுவிட விதியில் இடமுண்டு. ஜப்பான் அப்படித்தான் செய்தது. கியர் மாற்றும் இடம் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகக் கணக்கிடப்படுகிறது. இன்ஜினின் முழுத் திறன் வளைவு, கியர் விகிதங்கள், எடை, சாலைத் தடை ஆகியவற்றைக் கொண்டு, அந்த நொடிக்குத் தேவையான திறனைத் தரக்கூடிய மிக உயர்ந்த கியரைச் சூத்திரம் தேர்ந்தெடுக்கும். மூன்றாம் கியரிலிருந்து கீழ் வரம்பு எளிய கணக்குதான்: ஐடிலிங் வேகத்தோடு, உச்சத் திறன் வேகத்துக்கும் ஐடிலிங்குக்கும் உள்ள இடைவெளியில் எட்டில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். ஐடிலிங் 750, உச்சத் திறன் 6,000 ஆர்பிஎம் என்றால் ஏறத்தாழ 1,400 வரை இன்ஜின் இறங்கி ஓடலாம்.

சூத்திரம் இப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது காற்றை உறிஞ்சவே கணிசமான வேலை வீணாகிறது. உயர்ந்த கியரில் த்ராட்டிலைச் சற்றுக் கூடுதலாகத் திறந்து, குறைந்த ஆர்பிஎம்மில் ஓட்டும்போது அந்த இழப்பும் உராய்வும் குறைகின்றன. ஆக்சிலரேட்டரை இறகுபோல் தொட்டுக்கொண்டு கீழ் கியரிலேயே நீண்ட நேரம் இழுத்துச் செல்வது சிக்கனம் என்ற நம்பிக்கை இங்கேதான் தவறுகிறது. மறுபக்கம், இன்ஜின் முக்கி அதிரும் அளவுக்கு கியரை ஏற்றினால் நாக்கிங் தவிர்க்க ஈசியு இக்னிஷனைப் பின்தள்ளும். கிடைத்த லாபம் அதில் போய்விடும். வேகமும் தன் பங்கைக் கேட்கும்: 80-இலிருந்து 100-க்கு ஏறினால் காற்றுத் தடை 56 சதவீதம் கூடுகிறது. எம்ஐடிசி 90-இல் நின்றுவிடுவதால் நாற்கரச் சாலையில் ஓடும் வண்டியின் உண்மையான செலவு அந்த எண்ணில் பதிவாகவில்லை.

இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் பெட்ரோல் மிஞ்சியிருக்கலாம். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால், ஆர்பிஎம் போதிய அளவு இருக்கும்வரை இன்ஜெக்டர்கள் முழுவதும் மூடிக்கொள்கின்றன, செலவு பூஜ்யம். நியூட்ரல் போட்டால் ஐடிலிங்குக்கு எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். கொல்லிமலை வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. மொத்தச் சூடும் பிரேக் பேடுக்குத்தான்.

சூத்திரக் கியர் மேனுவல் வண்டிகளுக்கு மட்டுமே. ஏஎம்டி, சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளில் கியரை கியர்பாக்ஸின் கணினியான டிசியுவே தேர்ந்தெடுக்கிறது, அதன் முடிவு மோடைப் பொறுத்தது. ஸ்போர்ட் மோடில் கீழ் கியர் நீண்ட நேரம் பிடித்து வைக்கப்படுகிறது, கன்வெர்ட்டர் லாக்-அப் தள்ளிப்போகிறது, சிவிடி உயர்ந்த ஆர்பிஎம்மில் நிற்கிறது. இவற்றுள் எதில் சோதிப்பது? உலக விதியின் விடை இது: சாவி போட்டதும், முன்பு எதில் ஓட்டியிருந்தாலும், தானாக வரும் மோடு ஒன்று இருந்தால் அதில் மட்டும் எரிபொருள் அளக்கப்படும். அப்படி ஒன்று இல்லையென்றால் சிக்கனத்தில் சிறந்த மோடிலும் மோசமான மோடிலும் அளந்து சராசரி எடுக்கப்படும்.

இதன் விளைவைப் பணிமனைகள் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே இன்ஜின், ஒரே கியர்பாக்ஸ், ஒரே டயர் கொண்ட இரண்டு கார்கள். ஒன்று கடைசியாகப் போட்ட மோடை நினைவில் வைத்திருக்கிறது. அதற்குச் சராசரி எண். மற்றொன்று ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் நார்மலுக்குத் திரும்புகிறது. அதற்கு நார்மல் மோடின் எண் மட்டும். இயந்திரத்தில் ஒரு போல்ட்கூட மாறவில்லை, ஆனால் சான்றிதழ் மைலேஜ் வேறு. ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியை அணைத்தாலும் அடுத்த ஸ்டார்ட்டில் மீண்டும் விழித்துக்கொள்வதற்கும் இத்தகைய சோதனை விதிகள் ஒரு காரணம். சட்டப்படி இதில் பிழையில்லை. ஆனால் எந்த மோடில் எடுத்த எண் என்பதை வாங்குபவரிடமும் பழுதுபார்ப்பவரிடமும் சொல்லாமல் விடுவது பிழை.

அந்தப் பிழையின் பாரம் கடைசியில் பணிமனையில் வந்து இறங்குகிறது. மைலேஜ் வரவில்லை என்று வண்டி வருகிறது. ஸ்கேனரில் பழுதுக் குறியீடு எதுவும் இல்லை. ப்ளக், ஏர் ஃபில்டர், டயர் காற்று, பிரேக் பிடிப்பு எல்லாம் சரி. ஏஎம்டியில் கிளட்ச் மாற்றிய பிறகு லேர்னிங் சரியாகச் செய்யப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் கையில் இருப்பதோ விளம்பரத் தாளின் ஒற்றை எண். அவர் நாள்தோறும் ஸ்போர்ட்டில் ஓட்டுகிறாரா, மேனுவல் நிலைக்குத் தள்ளி மூன்றாம் கியரிலேயே நகரத்தைக் கடக்கிறாரா என்று மெக்கானிக் கேட்டால், வேலை தெரியாதவர் சாக்குச் சொல்கிறார் என்ற பெயர்தான் மிஞ்சும். ஓரகடத்தில் இந்திய அரசின் சோதனை மையமே இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் பட்டறை வைத்திருப்பவர்கூட ஒரு மாடலின் சோதனை அறிக்கையைப் புரட்டிப் பார்க்க வழியில்லை.

இத்தகைய வரைவுகள் அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. கருத்துச் சொல்லக் கிடைப்பது வழக்கமாக 30 நாள். விற்ற காரைப் பத்து, பதினைந்து ஆண்டு ஓட வைப்பவர்கள் அந்த மொழிகளில் சட்ட வாசகத்தைப் படித்து, அதற்குள் பதில் அனுப்புவார்கள் என்று எதிர்பார்ப்பது அவர்களைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாததற்குச் சமம். எண்ணைத் தருவது அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், அதை விளம்பரமாக்குவது நிறுவனம், அதற்குப் பதில் சொல்வது மெக்கானிக். இந்த ஏற்பாட்டை மாற்றக் கிடைத்த வாய்ப்பையும் அமைச்சகம் நழுவவிடக் கூடாது.

மோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஐரோப்பாவிலேயே சான்று உண்டு. 2021-இல் பதிவான கார்களில் பொருத்தப்பட்ட எரிபொருள் மீட்டர்களின் தரவை ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் சான்றிதழ் எண்ணைவிட ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம் குடித்தன. ப்ளக்-இன் ஹைப்ரிட்கள் குடித்தது சான்றிதழ் எண்ணைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு. சோதனை எதிர்பார்த்த அளவுக்கு அவை சார்ஜ் செய்யப்படவோ மின்சாரத்தில் ஓட்டப்படவோ இல்லை. இந்தியாவில் அப்படியொரு பொதுத் தரவுத் தொகுப்பே கிடையாது.

இறுதி அறிவிக்கையில் மூன்று விஷயங்கள் சேர வேண்டும் என்பது இந்த இதழின் நிலைப்பாடு. சோதனை மோடின் பெயர் மைலேஜ் எண்ணுக்குப் பக்கத்திலேயே அதே எழுத்தளவில் அச்சாக வேண்டும். சராசரி எடுக்கப்பட்ட வண்டிகளுக்குச் சிறந்த, மோசமான எண்கள் இரண்டும் தரப்பட வேண்டும். மேனுவல் வண்டிகளுக்குச் சூத்திரம் தந்த கியர் மாற்றும் வேகங்கள் உரிமையாளர் கையேட்டில் அட்டவணையாக இடம்பெற வேண்டும். இவை எல்லாம் சோதனையின்போது எப்படியும் பதிவாகும் விவரங்கள். புதிதாக எதையும் அளக்கத் தேவையில்லை.

மாற்றம் நடைமுறைக்கு வந்த பிறகு இரண்டு வகை எண்கள் பல ஆண்டுகள் சாலையில் சேர்ந்தே ஓடும். பழைய எம்ஐடிசி எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டு ஒரு மாடலை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. மைலேஜ் புகாரோடு வரும் வண்டியின் ஜாப் கார்டில் சான்றிதழ் எந்தச் சுழற்சியில் பெறப்பட்டது, வாடிக்கையாளர் வழக்கமாக எந்த மோடில் ஓட்டுகிறார் என்ற இரண்டு வரிகளை இப்போதே சேர்த்துக்கொள்வது பணிமனைகளுக்கு நல்லது.