மீன் பிடிப்பவர் யார்? மீன் தின்பவர் யார்?

சென்னைப் பட்டணத்தில் கடலுணவு ஓட்டல்கள் பெருகிவிட்டன. குளிரூட்டிய அறை, பளபளக்கும் மேஜை, கண்ணாடிப் பெட்டியில் ஐஸ்மீது கிடத்திய வஞ்சிரம், நண்டு, இறால். ஒரு துண்டு வஞ்சிர வறுவலும் ஒரு தட்டு இறாலும் தின்று எழுந்தால், அந்தப் பில்லுக்கு நார்த்தாமலைப் பக்கம் நாற்று நடும் பெண்ணின் ஒரு நாள் கூலி போதாது.

மீன் தின்பது குற்றமா? இல்லவே இல்லை. நல்ல சாப்பாடு எல்லோருக்கும் வேண்டும். நாம் கேட்பது வேறு. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது?

நமது புதுக்கோட்டை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கே நார்த்தாமலையில் பாறையும் மானாவாரிக் காடும். கிழக்கே கடலோரத்தில் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும். அங்கே விசைப்படகில் ஏறும் கூலியாள் இரவெல்லாம் கண்விழித்து வலை இழுக்கிறார். கரை சேர்ந்ததும் டீசல் செலவு, ஐஸ் செலவு, படகுக்காரர் பங்கு எல்லாம் போக மிஞ்சியதைத்தான் ஆட்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்பணம் கொடுத்த வியாபாரி இருந்தால் அவர் வைத்ததே விலை. வலை வெறுமையாக வந்தால் பங்கும் வெறுமை. உயிருக்கும் உத்தரவாதமில்லை. 2021 அக்டோபரில் கோட்டைப்பட்டினத்துப் படகு ஒன்று இலங்கைக் கடற்படைக் கப்பலுடன் மோதி மூழ்கியது. போனவர் மூவர், ஒருவர் பிணமாகத் திரும்பினார்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் இனம் பெருகுவதற்காகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. தடை தேவைதான். ஆனால் பட்டணத்து ஓட்டல் அதற்காக ஒரு நாளாவது மூடுகிறதா? கேரளக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து மீன் லாரியேறி வந்துவிடுகிறது. ஓட்டல் அடுப்பு எரிகிறது. படகுக் கூலியாளின் அடுப்பு நிவாரணத் தொகைக்குக் காத்திருக்கிறது.

ஓட்டலுக்குள்ளேயும் உழைப்பாளி உண்டு. மீனைச் செதில் உரசுபவர், அனலில் வெந்து பொரிப்பவர், தட்டேந்தி நிற்பவர். மழை பொய்த்த கிராமங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் இவர்களில் பலர். வேலை நேரத்துக்கு வரம்பு, வார விடுமுறை என்று ஓட்டல் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் 1958-லேயே வந்தது. கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. காகிதத்தில் உள்ளது சமையற்கட்டுக்குள் வந்ததா? சாப்பிட வந்தவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். பரிமாறுபவர் நாளெல்லாம் நிற்கிறார்.

இது நமக்குப் புதிய கதையா? நெல் விளைவித்தவர் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிறார். நூல் நூற்றவர் தள்ளுபடித் துணிக்கு அலைகிறார். வஞ்சிரம் பிடித்தவர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. ஆக, பஞ்சாலையும் வயலும் கடலும் ஓட்டலும் வேறு வேறல்ல.

மீன் ஏலம் மீனவர் கூட்டுறவின் கைக்கு வரவேண்டும். தடைக்கால நிவாரணம் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். ஓட்டல் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலையும் உட்கார இருக்கையும் வேண்டும். இவை பிச்சையல்ல, உரிமை.

பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்குப் பட்டணத்துப் பிள்ளைகள் நார்த்தாமலைக்குத் திரும்புவார்கள். அவர்களிடம் சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். “எத்தனை மணி நேரம் நிற்கிறாய்? உன் ஓட்டலில் சங்கம் இருக்கிறதா?” என்றும் கேளுங்கள். இல்லையென்றால், சங்கம் எப்படி வைப்பது என்பதை மில் தொழிலாளத் தோழர்கள்தான் அவர்களுக்குச் சொல்லித் தரவேண்டும்.