தலைவரின் நாற்காலியும் துணைத் தலைவரின் கையொப்பமும்

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் புகைப்படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, தலைவரான தலித் பெண் தரையில் அமர்த்தப்பட்டிருந்தார். அதே ஆண்டு சுதந்திர நாளில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் தேசியக் கொடியேற்றுவதிலிருந்து தடுக்கப்பட்டார். இரண்டு நிகழ்வுகளும் நாட்டையே பேசவைத்தன. 2022 ஆகஸ்டில், சாதிப் பாகுபாடின்றித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

நாற்காலியும் கொடியும் கண்ணுக்குத் தெரிபவை, படம் பிடிக்கக்கூடியவை. கண்ணுக்குத் தெரியாத ஒரு தடை இருக்கிறது. அது கையொப்பம். நாம் இப்போது பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம், மக்கள்தொகை விகிதத்தில் பட்டியல் சாதியினருக்கு உறுப்பினர் இடங்களையும் தலைவர் பதவிகளையும் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் இந்த ஒதுக்கீட்டுக்கு மேலவளவு உயிரால் விலை கொடுத்தது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டது. வேட்புமனுவே தாக்கலாகாமல் தடுப்பது, வென்றவரைப் பதவி விலகச் செய்வது என்பவையே அன்றைய உத்திகள். 2006இல்தான் அங்கு முறையான தேர்தல் நடந்தது.

இன்று அந்த உத்திகளின் தேவை பெருமளவு குறைந்துவிட்டது. தலித் ஒருவரைத் தலைவராக்கிவிட்டு, அதிகாரத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளச் சட்டமே வழிவிடுகிறது. ஊராட்சி நிதியிலிருந்து பணம் வழங்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையொப்பமும் வேண்டும். ஆனால், துணைத் தலைவர் பதவிக்குத் தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு இல்லை. அவரை வார்டு உறுப்பினர்கள் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் ஆதிக்கச் சாதியினராக உள்ள ஊரில் அந்தப் பதவி யாரிடம் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் கையொப்பமிட மறுத்தால் குடிநீர்க் குழாய் பழுதுபார்ப்பும், தெருவிளக்கும், தூய்மைப் பணியாளர் ஊதியமும் நின்றுபோகும். பழி மட்டும் தலைவர் மீது விழும்: 'இவர்களுக்கு நிர்வாகம் தெரியாது.'

அடுத்த கட்டம் பதவி நீக்கம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப் பிரிவு 205, நேரடியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை நீக்கும் அதிகாரத்தை ஆட்சியருக்கு அளிக்கிறது. உறுப்பினர்களின் புகாரிலிருந்தே அந்த நடவடிக்கை தொடங்கலாம். பணிகளை முடக்கியவர்களே, பணி நடக்கவில்லை என்று மனு எழுதுவதைச் சட்டத்தின் சொற்கள் தடுப்பதில்லை.

எனவே சட்டத்தையே நாம் ஆயுதமாக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சிப் பிரதிநிதியை வற்புறுத்தியோ மிரட்டியோ, இடையூறு செய்தோ அவரது வழக்கமான கடமையைத் தடுப்பது குற்றம். அது பிரிவு 3(1)(எம்). தரையில் அமரவைப்பதற்கு மட்டுமான பிரிவு அல்ல இது. காரணமின்றித் தொடர்ந்து கையொப்பத்தை மறுப்பதும், பதிவேடுகளைத் தர மறுப்பதும் 'இடையூறு'தான் என்பதே நமது வாதம். இதை நிறுவ ஆவணம் வேண்டும். தலைவர்கள் ஒவ்வொரு மறுப்பையும் தேதியுடன் எழுத்தில் பதிய வேண்டும். ஒன்றிய அலுவலகத்துக்கு மனு அளித்து ஒப்புகை பெற வேண்டும். மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி இதுவே. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்குத் தண்டனை வழங்கும் பிரிவு 4ஐயும் நாம் மறக்கலாகாது.

ஆனால் வழக்குகள் மட்டும் போதா. கர்நாடகத்தில் கிராம ஊராட்சித் துணைத் தலைவர் பதவிக்கும் இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாடு அதைச் செய்யத் தடையேதுமில்லை. தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் துணைத் தலைவர் குறிப்பிட்ட நாள்களுக்குள் கையொப்பமிட மறுத்தால், மாற்று ஏற்பாடு தானாகவே நடைமுறைக்கு வரும்படியும் விதி வகுக்கலாம். அந்த அதிகாரம் தலைவரிடமிருந்து பறிபோகாத வகையில் அது அமைய வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை அடுத்த தேர்தலுக்கு முன்பே எழுப்பியாக வேண்டும். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243இ பிரிவு. தொகுதி மறுவரையறை தாமதத்துக்குக் காரணமாகாது என்று 2022இல் சுரேஷ் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. 2016 முதல் 2019 வரையிலும் இதே தனி அலுவலர் ஆட்சியைத்தான் கண்டோம். தேர்தல் இல்லாத ஒவ்வொரு நாளும், தலித் தலைவர் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டிய நாற்காலி காலியாக இருக்கிறது.

மேலவளவில் போட்டியிடும் உரிமைக்காக உயிர் கொடுத்தார்கள். போட்டியிட்டு வென்ற பிறகு ஆளும் உரிமையை எழுத்திலும் நடைமுறையிலும் பெறுவதே நமது தலைமுறையின் கடமை.