ஐந்து ஏக்கர் நத்தையும் நம்ம கொள்ளிடமும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியப் பெருங்கடலில் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு நத்தை இருக்கிறது. கடல்தரையைப் பிளந்துகொண்டு கொதிநீர் பீறிடும் ஊற்றுகளின் ஓரம்தான் அதற்கு வீடு. 2001இல்தான் மனிதர் கண்ணில் பட்டது. காலைச் சுற்றி, மீனுக்கு இருப்பதுபோலச் செதில்கள். அவற்றின்மேல் இரும்பு சல்பைடு பூச்சு. வெயிலே எட்டாத அந்த இருட்டில், ஊற்றில் வரும் வேதிப்பொருள்களைக் கொண்டு அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களே அதற்குச் சோறு போடுகின்றன.

2019இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. காரணம், ஆழ்கடல் சுரங்கம் வரலாம் என்ற அச்சம். அப்போது தெரிந்திருந்த மூன்று இடங்களையும் கூட்டினால் 0.02 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் ஐந்து ஏக்கர். நம்ம ரங்கநாதர் கோயில் வளாகமே 156 ஏக்கர்!

அந்த ஊற்றுகள் கக்கும் தாதுவில் செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி எல்லாம் உண்டு. அதைத் தேட 2016இல் இந்தியாவும் சர்வதேசக் கடல்தரை ஆணையத்துடன் ஒப்பந்தம் போட்டது: 10,000 சதுர கிலோமீட்டர். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக 'மத்ஸ்யா 6000' என்ற நீர்மூழ்கியை உருவாக்குகிறது. அறிவியல் வாத்தியாரான எனக்கு இதில் பெருமைதான்.

ஆனால் நான் கொள்ளிடக்கரைக்காரன். 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்ததைப் பார்த்தோம். மணல் அள்ளியதும் ஒரு காரணம் என்று அன்று பேசாதவர் இல்லை. லாரி லாரியாகப் போனதைக் கண்ணால் பார்த்தும் நம்மால் தடுக்க முடியவில்லை. கண்ணுக்கே தெரியாத கடலடியில் யார் போய்த் தடுப்பார்கள்?

"செம்பு இல்லாமல் மின்சார வண்டி ஓடுமா சார்?" என்பீர்கள். நியாயம்தான். ஆறி அடங்கிப்போன ஊற்றுகளிலும் தாது இருக்கிறது. அங்கே நிதானமாக ஆராயட்டும். உயிரோடு கொதிக்கும் ஊற்றுகளைத் தொடமாட்டோம் என்று முதல் இயந்திரம் இறங்குவதற்கு முன்பே இந்தியா எழுதிக் கொடுக்கட்டும். அள்ளிய பிறகு போடும் சட்டம் எதற்கு உதவும் என்று கொள்ளிடத்தைக் கேளுங்கள்.

நான் சொல்வது தவறென்றால் திருத்துங்கள். பழைய மாணவர்கள் தாராளமாக வாத்தியாரோடு சண்டை போடலாம்.