பாதாம் அளவு பயம்

நடுநிசியில் டெலிபோன் மணி அடிக்கிறது. யார், என்ன சேதி என்று தெரிவதற்குள் நெஞ்சு படபடக்கிறது, நாக்கு உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. எடுத்தால் ராங் நம்பர். ஆனாலும் மறுபடி தூக்கம் பிடிக்க ஒரு மணி நேரமாகிறது. புத்தி சமாதானமாகிவிட்டது, உடம்பு இன்னும் ஆகவில்லை.

இந்த இடைவெளியில்தான் பதற்றத்தின் சூட்சுமம் இருக்கிறது. மூளையின் இரு பக்கமும் ஆழத்தில், பாதாம்பருப்பு வடிவில் ஒரு நரம்புத் திரள் இருக்கிறது. பெயர் அமிக்டலா. கிரேக்க மொழியில் பாதாம் என்றே பொருள். ஆபத்தை மோப்பம் பிடிப்பது இதன் முக்கிய வேலை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜோசப் லெடூ எலிகளிடம் செய்த ஆராய்ச்சி, ஓர் ஒலி இங்கே வந்து சேர இரண்டு வழிகள் உண்டு என்று காட்டியது. ஒன்று, மூளையின் மேற்புறணி நிதானமாக அலசிப் பார்த்து அனுப்பும் சுற்றுப்பாதை. மற்றது, அலசலுக்குக் காத்திராமல் நேராக வந்து இறங்கும் குறுக்குப்பாதை. குறுக்குப்பாதையில் வேகம் உண்டு, தெளிவு கிடையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடைக்காது.

அமிக்டலா மணியடித்ததும் ஹைபோதாலமஸ் இரண்டு ஆணைகள் பிறப்பிக்கிறது. முதல் ஆணை நரம்பு வழியாகச் சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குப் போகிறது. நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது, ஜீரணம் நின்றுபோகிறது. எதிர்த்து நில் அல்லது ஓடிப்போ என்ற இந்த ஏற்பாட்டை ஹார்வர்டின் வால்டர் கேனன் 1915இல் ஒரு நூலில் விவரித்தார். இரண்டாவது ஆணை பிட்யூட்டரி வழியாக, ஹார்மோன் தபாலில் போகிறது. அதன் விளைவாகச் சுரக்கும் கார்ட்டிஸால் உச்சத்தை எட்ட இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். வடிய அதைவிட அதிக நேரம். ராங் நம்பருக்குப் பிறகும் தூக்கம் வராததற்கு இது ஒரு காரணம்.

போதுமான கார்ட்டிஸால் சேர்ந்ததும் மூளையே அதை நிறுத்துகிறது. இந்தப் பிரேக்கின் ஒரு பகுதி, நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸிடம் இருக்கிறது. அழுத்தம் நாள்தோறும் தொடர்ந்தால் பிரேக் என்ன ஆகும்?

இதற்கான முக்கியமான பதில்களில் ஒன்று பெங்களூரிலிருந்து வந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, எலிகளைத் தினம் இரண்டு மணி நேரம் அசைய முடியாமல் அடைத்து வைத்தது. பத்து நாட்களுக்குப் பிறகு பார்த்தால் ஹிப்போகேம்பஸின் நரம்பணுக்களில் கிளைகள் சுருங்கியிருந்தன. அமிக்டலாவிலோ நேர்மாறு: கிளைகள் நீண்டு வளர்ந்திருந்தன. 2002இல் வெளியான முடிவு இது. பிரேக் தேய்கிறது, ஆக்ஸிலரேட்டர் பலப்படுகிறது.

அடுத்து வந்தது இன்னும் கவலை தருவது. எலிகளுக்கு 21 நாள் ஓய்வு கொடுத்தார்கள். அந்த அவகாசத்தில் ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியது. அமிக்டலா திரும்பவில்லை, எலிகளின் பதற்றமும் குறையவில்லை. 2005இல் வெளியான ஆய்வில் ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம் மட்டும் அடைத்தார்கள். மறுநாள் எந்த மாற்றமும் இல்லை. பத்தாவது நாள் அமிக்டலாவில் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் முனைகள் பெருகியிருந்தன. திறந்த வெளிக்கு வரவே எலிகள் தயங்கின.

மனிதர்களிடமும் இந்தத் தாமதம் டாக்டர்களுக்குப் பழக்கமானது. விபத்து, வெள்ளம், கலவரம் போன்றவற்றில் தப்பியவர் முதல் வாரம் சாதாரணமாக நடமாடுவார். ஆறு மாதம் கழித்துக்கூடத் திடுக்கிட்டு விழிப்பதும் கெட்ட கனவுகளும் முழு வீச்சில் தொடங்கலாம். “அப்போதெல்லாம் நன்றாகத்தானே இருந்தாய், இப்போது என்ன வந்தது?” என்று வீட்டில் கேட்பார்கள். நடிப்பு என்ற சந்தேகமும் கிளம்பும். பத்தாம் நாள் பயந்த எலிக்கு நடிக்கத் தெரியாது.

கார்ட்டிஸாலை வில்லனாக்குவதும் அவசரம். அடைத்து வைப்பதற்கு முன்பே அதன் எலி வடிவமான ஹார்மோனைக் கொடுத்தபோது, பத்து நாள் கழித்து வரவேண்டிய பாதிப்பு தடுக்கப்பட்டதை அதே குழு 2012இல் தெரிவித்தது. அளவும் நேரமும்தான் விஷயம். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்க இது சிபாரிசு அல்ல. நீண்ட நாள் சாப்பிட்டால் எலும்பும் சர்க்கரையும் மட்டுமல்ல, மனநிலையும் கெடும்.

செய்யக்கூடியவை உண்டு. மூச்சை மெதுவாக, நீளமாக விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைத் தணிக்கிறது. பயப்படும் விஷயத்தைச் சிறிது சிறிதாக, துணையோடு எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சை பழைய பயத்தை அழிப்பதில்லை. ‘இங்கே ஆபத்து இல்லை’ என்ற புதிய பாடத்தை அதன் மேல் எழுதுகிறது. நெஞ்சு வலித்தால் முதலில் இதயத்தைப் பரிசோதிப்பதே புத்திசாலித்தனம். இதயத்தில் கோளாறில்லை என்ற பிறகும் பதற்றம் தொடர்ந்தால், 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

“தைரியமாக இரு” என்ற புத்திமதி மேற்புறணிக்குப் புரியும். அமிக்டலாவுக்குப் பாஷை தெரியாது. அதற்குத் தேவை அவகாசமும் பழக்கமும், பக்கத்தில் ஒரு ஆளும்.