'மூவ் ஆன்': நகர்ந்தவர் யார்? நகர்த்தியவர் யார்?



அண்மைக்காலமாக நம்மவர் நாவில் ஓர் ஆங்கிலத் தொடர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'மூவ் ஆன்' என்பதே அது. ஒரு பாடம் முடிந்தால், "அடுத்ததுக்கு மூவ் ஆன் பண்ணலாம்" என்கிறார் ஆசிரியர். மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், "பரவாயில்லை, மூவ் ஆன் பண்ணு" என்கிறார் தாயார். துக்க வீட்டிலும் இதுவே ஆறுதல் மொழி. தாம் வாழ்ந்த தோட்டத்தைப் பற்றித் தாத்தா பேசத் தொடங்கினால், "மூவ் ஆன் பண்ணுங்க தாத்தா" என்று பேரன் வாயடைக்கிறான்.

'இதனால் என்ன கெட்டுவிட்டது? பெரட்டு, கிராணி என்று தோட்டத்துத் தமிழிலும் பிறமொழிச் சொற்கள் இருந்தனவே?' எனக் கேட்பார் உளர். இருந்தன. தோட்டத்தில் புதிதாக வந்த நடைமுறைக்கும் பதவிக்கும் அவை பெயராயின. 'மூவ் ஆன்' வந்ததோ, இருக்கும் சொற்களை விரட்டுவதற்கு. நாம் அடுத்த பாடத்திற்குச் செல்கிறோம், தோல்வியிலிருந்து மீள்கிறோம், துயரிலிருந்து தேறுகிறோம், பழக்கத்தைக் கைவிடுகிறோம், தொழிலில் முன்னேறுகிறோம், ஊரைவிட்டுக் குடிபெயர்கிறோம். ஆறு நிலைகளுக்கு ஆறு வினைகள். இவற்றை ஒரே தொடரில் அடைத்தால் பிள்ளையின் சிந்தனையும் ஒன்றாய்க் குறுகிவிடாதா?

'கடந்து செல்வோம்' என்று மொழிபெயர்த்துவிட்டால் குறை தீர்ந்ததா? தீரவில்லை. எதைக் கடக்கிறோம், எங்கே செல்கிறோம் என்பதை அதுவும் சொல்வதில்லை.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. நாம் தன்வினை, பிறவினை கற்பிக்கிறோம். நகர்ந்தார் – நகர்த்தினார். அகன்றார் – அகற்றினார். பெயர்ந்தார் – பெயர்த்தார். ஓரிரு எழுத்து மாறினாலே, தானாகப் போனவர் யார், போகச் செய்தவர் யார் என்பது விளங்கிவிடும். 'மூவ் ஆன்' இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

நம் தோட்ட மக்களின் வரலாறே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. 1951 முதல் 1960 வரை மலாயாவில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டதைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கும் நோக்குடன், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1969க்குப் பின் குடியுரிமையற்றோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரவர் கப்பலேறினர். இவர்கள் நகர்ந்தவர்களா, நகர்த்தப்பட்டவர்களா?

நம் நெகிரி செம்பிலானையே பாருங்கள். நீலாயிலும் சிரம்பான் 2இலும் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. லயத்து வீடு நிருவாகத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை உழைத்த குடும்பம் கையில் சிறு தொகையோடு வெளியேறியதை 'மூவ் ஆன்' என்பது எவ்வகையில் நியாயம்?

அதேவேளை, தம் பிள்ளை பால்மரம் வெட்டக் கூடாது என்று படிக்கவைத்த பெற்றோரும், செனவாங் தொழிற்சாலைகளுக்கு விரும்பிச் சென்ற இளையோரும் பலர். அவர்கள் முன்னேறினார்கள், அதைப் பெருமையோடு சொல்வோம். முன்னேறியவரையும் வெளியேற்றப்பட்டவரையும் பிரித்துச் சொல்லவே நமக்கு இரு சொற்கள் வேண்டும்.

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன; இன்று ஏறத்தாழ 530. 'குறைந்தன' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். சில மூடப்பட்டன, சில இணைக்கப்பட்டன, சில இடம் மாற்றப்பட்டன என்று எழுதினால்தான் அடுத்த கேள்வி பிறக்கும். லாபு தோட்டம் முதலாம் பிரிவு, நான்காம் பிரிவு எனத் தோட்டத்தின் பிரிவு எண்ணையே பெயரில் தாங்கிய பள்ளிகள் நம் மாநிலத்தில் உள்ளன. அப்பெயர் எப்படி வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் விடை சொல்ல வேண்டாமா?

ஆசிரியர்களே, தாத்தா பாட்டியிடம் தோட்டக் கதையைக் கேட்டுவரச் செய்யுங்கள். அதைத் தன்வினையிலும் பிறவினையிலும் எழுதச் சொல்லுங்கள். பெற்றோர்களே, தோற்ற பிள்ளையிடம் "மீண்டு வா" என்று சொல்லுங்கள். அழுகின்ற பிள்ளையிடம் "தேறிவிடுவாய்" என்று சொல்லுங்கள். பெரியவர் பேசும்போது மட்டும் எதுவும் சொல்லாமல் கேளுங்கள்.

தன்னை நகர்த்தியவர் யார் என்று சொல்லத் தெரியாத இனத்தை மீண்டும் நகர்த்துவது எளிது. சிந்திப்போம்!