ஹஸ்கியும் தாம்பரம் வெயிலும்

பனியில் ஸ்லெட்ஜ் வண்டி இழுக்கிற நாய்களை எல்லோரும் ஏதாவது ஒரு ஆங்கிலப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நீலக் கண், ஓநாய் மாதிரி முகம், இழுக்கத் துடிக்கிற கால்கள். சரி, பனி உருகிய பிறகு அந்த நாய்களுக்கு என்ன வேலை?

பின்லாந்தின் லாப்லாந்து போன்ற இடங்களில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "ஹஸ்கி ஹைக்" என்று பெயர். சுற்றுலாப் பயணியின் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டுவார்கள். அதிலிருந்து இழுபடும் கயிறு ஒன்று நாயின் கச்சைக்குப் போகும். ஆளுக்கு ஒரு நாய். வழிகாட்டி முன்னால் நடப்பார். காட்டுப் பாதையில் சில கிலோமீட்டர் நடை, நடுவில் தீ மூட்டி ஒரு காப்பி, நாய்களுக்குத் தண்ணீர், திரும்பி வருதல். அவ்வளவுதான். மேடு ஏறும்போது நாய் இழுக்கிற இழுப்பில் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்குமாம். இறங்கும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான் :)

இதை வெறும் பொழுதுபோக்காகப் பார்க்காமல் காமர்ஸ் வகுப்புக் கண்ணோடு பாருங்கள். ஸ்லெட்ஜ் நாய்ப் பண்ணைக்கு வருமானம் பனிக்காலத்தில் மட்டும்தான். செலவோ வருஷம் முழுக்க. நூறு நாய் இருந்தால் நூறும் 365 நாளும் சாப்பிடும். கால்நடை மருத்துவர், பராமரிப்பு ஆட்கள், கொட்டகை எல்லாம் நிலையான செலவு. வண்டி ஓடாத மாதங்களில் அந்தச் செலவில் ஒரு பகுதியையாவது ஈடுகட்ட வந்ததுதான் இந்த நடை. கூடவே நாய்க்கும் உடற்பயிற்சி கிடைக்கிறது. வண்டி இழுக்க வயதாகிவிட்ட நாய்களுக்கும் அளவான வேலை கிடைக்கிறது. வெயில் ஏறிவிட்டால் நடையை ரத்து செய்கிற பண்ணைதான் நல்ல பண்ணை. அதாவது நாயின் உடம்பும் பருவமும் முதலில், டிக்கெட் அப்புறம்.

இந்த வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2010-இல் கனடாவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அது முடிந்த சில வாரங்களில், போட்டிகள் நடந்த விஸ்லர் பகுதியில் சுற்றுலாவுக்காக வளர்க்கப்பட்ட ஸ்லெட்ஜ் நாய்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டன. வியாபாரம் படுத்துவிட்டதுதான் காரணம் என்று செய்திகள் சொல்லின. விஷயம் 2011-இல்தான் வெளியே வந்தது. புதைத்த இடத்தைத் தோண்டியபோது 56 நாய்களின் உடல்கள் கிடைத்தன. அதற்குப் பிறகுதான், 2012-இல், அந்த மாகாணத்தில் ஸ்லெட்ஜ் நாய்களைப் பராமரிக்கத் தனி விதிமுறைகள் வந்தன. விற்காத சரக்கை ரைட்-ஆஃப் பண்ணலாம். உயிரை அப்படிப் பண்ண முடியுமா? பண்ணினார்கள் என்பதுதான் கொடுமை.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் சாயங்காலம் நடந்து பாருங்கள். அபார்ட்மெண்ட் வாசலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு ஹஸ்கி நிற்பதைப் பார்க்கலாம். இன்னொரு பக்கம், சனி ஞாயிறு வந்தால் மலையேறக் கிளம்புகிற இளைஞர் கூட்டமும் தென்சென்னையில்தான் அதிகம். இரண்டையும் சேர்த்து "நாமும் ஹஸ்கியோடு காட்டு நடை நடத்தினால் என்ன?" என்று யாருக்காவது தோன்றினால் ஆச்சரியமில்லை. வீடியோ எடுத்தால் லைக் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் அது இரண்டு தவறுகளை ஒரே டிக்கெட்டில் விற்கிற வியாபாரமாக இருக்கும். ஒன்று நாய்க்கு. இன்னொன்று காட்டுக்கு.

முதலில் நாய். ஹஸ்கியின் மூதாதைகளை வளர்த்தவர்கள் சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள். குறைந்த தீனியில், கடும் குளிரில், நெடுந்தூரம் ஓட வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக உருவான உடம்பு அது. 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, சுமார் 150 நாய்களும் 20 ஓட்டுநர்களும் கைமாற்றிக் கைமாற்றி 674 மைல் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். டோகோ, பால்டோ என்ற பெயர்கள் அங்கிருந்துதான் வந்தன. அந்த உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம் இருக்கிறது. நமக்கு வியர்க்கிற மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கிற பெரிய வழி மூச்சிரைப்பதுதான். மூச்சிரைத்து நாக்கு ஈரம் ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது எப்படி? சென்னையின் புழுக்கம் மனுஷனையே வாட்டுகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளை விடுங்கள், சாதாரண ஏப்ரல் மாத ராத்திரியே ஹஸ்கிக்கு வேதனைதான்.

"எங்க வீட்ல ஏ.சி. இருக்கே" என்பார்கள். இருக்கட்டும், கணக்குப் போடுவோம். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தால், பன்னிரண்டு மணி நேரத்துக்கு 18 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட்டைத் தாண்டும். 500 யூனிட் தாண்டினாலே மின்வாரியத்தின் கட்டண விகிதம் எப்படி மேலே தாவும் என்று வீட்டில் பில் கட்டுகிறவரைக் கேளுங்கள். குட்டி வாங்கும்போது பார்ப்பது விலையை மட்டும். அடுத்த பன்னிரண்டு வருஷச் செலவை யாரும் பார்ப்பதில்லை. கார் வாங்கும்போது மைலேஜ் கேட்கிற நம்ம ஆட்கள் நாய் வாங்கும்போது கேட்பதில்லை! கரண்ட் போனால்? வாடகை வீடு மாறினால்? வெளிநாட்டு வேலை கிடைத்தால்? அப்போது அந்த நாய் ஏதாவது காப்பகத்தின் வாசலில் கட்டப்படும்.

இது புதுசும் இல்லை. 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் வந்தது. நாடு முழுக்கப் பக் மோகம் பிடித்தது. பிறகு "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" தொடர் வந்து உலகம் முழுக்க ஹஸ்கி மோகம் கிளம்பியது. வாங்கியவர்கள் பலர் கைவிட்டதால், அதில் நடித்த பீட்டர் டிங்க்லேஜே 2017-இல் "தயவு செய்து ஹஸ்கி வாங்காதீர்கள்" என்று வேண்டுகோள் விட வேண்டியதாயிற்று. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கியும் இருந்தது. வளர்ப்பவர்கள் எதிர்த்தார்கள், வாதங்கள் நடந்தன. கொள்கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நாயின் ரோமம் அரசாணை பார்த்து உதிரப் போவதில்லை.

அடுத்து காடு. "ஹஸ்கிதானே பிரச்சனை? சிப்பிப்பாறையைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனால்?" என்று கேட்கலாம். அதுவும் கூடாது. எந்த நாயாக இருந்தாலும் அதன் உடம்பில் டிஸ்டெம்பர் வைரஸ் இருக்க வாய்ப்புண்டு. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் இந்த நோயில் சுமார் 1,000 சிங்கங்கள் செத்தன. அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு! சுற்றுப்புற கிராமத்து நாய்களிடமிருந்து வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 2018-இல் நம்ம குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் செத்தபோதும் அதே வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நோயை விட்டாலும், நாயின் வாசனையும் குரைப்பும் போதும், மானும் முயலும் அந்த இடத்தை விட்டு விலகும்.

நம்ம பக்கத்துக் காடுகளின் அளவையும் யோசிக்க வேண்டும். நன்மங்கலம் காப்புக்காடு சுமார் 320 ஹெக்டேர்தான். பெரிய கொம்பு ஆந்தைகளுக்குப் பேர்போன இடம், ஆனால் நாலா பக்கமும் வீடுகள் நெருங்கிவிட்டன. வண்டலூரில் காப்புக்காடும் 602 ஹெக்டேர் உயிரியல் பூங்காவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் 365 ஏக்கர் புதர்க்காட்டில் புள்ளிமான்கள் இருக்கின்றன. லாப்லாந்துக் காடு மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடப்பதில்லை இவை. நகரத்தின் நடுவே கைக்குட்டை அளவு மிஞ்சியிருப்பவை. மிஞ்சியதில் நாயைக் கொண்டுபோய் விடுவது நியாயமா?

அப்படியானால் காட்டு நடையே வேண்டாமா? வேண்டும், வழிகாட்டியோடு வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மலையேறப் போனவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். தீப்பிடிக்கும் பருவத்தில் காட்டுக்குள் போவது என்றால் என்ன என்று தமிழ்நாடு அன்று கற்றுக்கொண்டது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தை அரசு தொடங்கியது. 40 பாதைகள், ஆன்லைன் முன்பதிவு, காட்டை அறிந்த உள்ளூர் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக. பயணி கட்டும் பணத்தில் ஒரு பங்கு அந்த ஊர் இளைஞரின் சம்பளமாகிறது. நல்ல விஷயம். காட்டை அறிந்த மனிதரோடு, நாய் இல்லாமல் போங்கள்.

நாயோடு நடக்க ஆசையா? அதற்கும் வழி இருக்கிறது, காட்டுக்கு வெளியே. கரீபியன் கடலில் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் ஒரு நாய்க் காப்பகம், வருகிற சுற்றுலாப் பயணிகளிடம் தெருநாய்க் குட்டிகளை நடைக்குக் கொடுத்து அனுப்புகிறது. ஹவாயின் கவாய் தீவிலும் காப்பக நாயை ஒரு நாள் வெளியே கூட்டிப்போகலாம். நாய்க்கு மனிதப் பழக்கம் வருகிறது. பயணிக்கு மனசு நிறைகிறது. பிடித்துப் போனால் தத்து எடுத்துக்கொண்டே ஊர் திரும்புகிறவர்களும் உண்டு.

இதை இங்கே செய்ய என்ன தடை? தென்சென்னையிலும் புறநகரிலும் காப்பகங்கள் இருக்கின்றன, அங்கே நடக்கத் துடிக்கிற நாட்டு நாய்களும் இருக்கின்றன. சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் என்று ஏரிக்கரைகள் இருக்கின்றன. காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பித்து ஏழுக்குள் முடித்துவிடலாம். தடுப்பூசி போட்ட, பழகிய நாய்கள் மட்டும். ஆளுக்கு ஒரு நாய், கயிறு கையை விட்டுப் போகக்கூடாது, நீர்ப்பறவை இருக்கும் கரைப் பக்கம் போகக்கூடாது. புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் நடை ரத்து, பணம் வாபஸ். கிடைக்கிற கட்டணம் காப்பகத்தின் தீனிச் செலவுக்கு. வழிகாட்டியாக அந்த ஏரியின் கதை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர். விமான நிலையத்துக்கும் தாம்பரம் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு ராத்திரி தங்குகிற பயணிக்கு இதைவிட நல்ல காலை அமையுமா?

நாட்டு நாய்கள் என்றால் இளக்காரம் வேண்டாம். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்தியத் தபால்துறை தபால்தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் இந்த வெயிலிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே ஓடியவை. தெருவில் சுற்றுகிற சாதாரண நாயும் அப்படித்தான். குட்டை ரோமம், ஒல்லி உடம்பு, எந்த ஏ.சி.யும் கேட்காது.

ஏற்கெனவே வீட்டில் ஹஸ்கி வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? அதைக் கைவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கைவிட்டால் அது பெரிய பாவம். விடிவதற்கு முன்னால் நடத்துங்கள், ரோமத்தை மழிக்காதீர்கள், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். அதன் ஆயுள் முடியும்வரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஹஸ்கியை மட்டும் வாங்காதீர்கள். அவ்வளவுதான். வாங்க ஆளில்லை என்றால் குட்டி போட வைக்கவும் ஆளிருக்காது. டிமாண்ட் குறைந்தால் சப்ளை குறையும் என்று பதினோராம் வகுப்பிலேயே படித்தாயிற்றே.

லாப்லாந்துக்காரன் தன் குளிருக்கு ஏற்ற நாயோடு தன் காட்டில் நடக்கிறான். அவனிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நாயை அல்ல, அந்தப் பொருத்தத்தை. ஹஸ்கியோடு நடக்க ஆசை இருப்பவர்கள் காசு சேர்த்து அங்கேயே ஒரு தடவை போய் வரட்டும். அதுவரை, பக்கத்துத் தெருக் காப்பகத்தில் ஒரு நாட்டு நாய் காலை நடைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை யார் போகிறீர்கள்?